'கரகாட்டக்காரன்' முத்தையா இப்போ என்ன செய்துகிட்டிருப்பார்? 26 வருஷம் கழித்துத் திரும்பி வந்த ஓர் ஆங்கிலப் படமும், தஞ்சாவூர் சொல்லும் பதிலும்

தீமிதி முடிகிறது. பழி நீங்குகிறது. முத்தையாவும் காமாட்சியும் ஒன்று சேர்கிறார்கள். தியேட்டரில் லைட் போட்டாச்சு, ஜனம் எழுந்து வீட்டுக்குப் போயாச்சு.

சரி, மறுநாள் காலையில் முத்தையா என்ன செய்திருப்பார்? அடுத்த ஊர் திருவிழாவுக்குக் கிளம்பியிருப்பார். அடுத்த வருஷமும் அப்படித்தான். பத்து வருஷம் கழித்து? காமாட்சிக்கு முழங்கால் வலி ஆரம்பித்த பிறகு? ஊர்த் திருவிழாக்களில் கரகத்துக்குப் பதிலாக ஸ்பீக்கரும் லைட்டும் போதும் என்று முடிவான பிறகு?

1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தை இன்றைய இளைஞர்களில் பலர் தியேட்டரில் பார்த்ததில்லை. ஆனால் டிவியில் பார்த்திருக்கிறார்கள், மீமாகப் பகிர்ந்திருக்கிறார்கள். வாழைப்பழ காமெடியைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் குறைவு. அந்த வாழைப்பழத்துக்காக அடித்துக்கொண்ட இரண்டு பேருமே கூலிக்கு மேளமும் நாயனமும் வாசித்துப் பிழைக்கும் தொழிலாளிகள் என்பது மட்டும் நமக்கு மறந்துபோச்சு.

இப்படி மறந்துபோன பாத்திரங்களைத் தேடிப் போய், 'நீங்க இப்போ எப்படி இருக்கீங்க?' என்று ஒரு தொடர் கேட்டது. நடந்தது இங்கிலாந்தில். அதே கேள்வியைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தால் என்ன பதில் கிடைக்கும்? பார்ப்போம்.

அந்த ஆங்கிலப் படம் எது?

படத்தின் பெயர் 'தி ஃபுல் மான்டி'. 1997-ல் வெளியானது. இயக்கியவர் பீட்டர் கட்டானியோ. எழுதியவர் சைமன் போஃபாய். பின்னாளில் மும்பையில் நடக்கும் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்குத் திரைக்கதை எழுதி ஆஸ்கர் வாங்கியவரும் இவரே.

கதை நடப்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில். ஒரு காலத்தில் எஃகு என்றாலே ஷெஃபீல்டுதான். நம்ம ஊரில் நெல் என்றால் தஞ்சாவூர் என்று சொல்வது மாதிரி. படம் தொடங்கும்போது அந்த நகரத்தைப் புகழ்ந்து பேசும் பழைய விளம்பரப் படம் ஒன்று ஓடுகிறது. அடுத்த காட்சியில் ஆலை காலி. அங்கே வேலை பார்த்த காஸ் என்பவரும் அவருடைய நண்பர் டேவும் துருப்பிடித்த இரும்பு உத்திரத்தைத் திருடிக்கொண்டிருக்கிறார்கள். கூடவே காஸின் சின்னப் பையன்.

காஸ் விவாகரத்தானவர். மகனுக்கான பராமரிப்புத் தொகையைக் கட்டாவிட்டால் பையனைப் பார்க்கவே முடியாது. வேலையோ இல்லை. ஊருக்கு வந்த ஆண்கள் நடனக் குழு ஒன்றைப் பார்க்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போவதைப் பார்த்த அவருக்கு ஒரு விபரீத யோசனை வருகிறது: நாமும் மேடையேறி, உடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆடினால் என்ன?

தொப்பை போட்ட டேவ், வேலை போனதை ஆறு மாதமாக மனைவியிடம் மறைத்துவந்த முன்னாள் ஃபோர்மேன் ஜெரால்ட், தற்கொலைக்கு முயன்ற லாம்பர், இடுப்பு வலிக்கார ஹார்ஸ், கய் என்று ஆறு பேர் சேர்கிறார்கள். கேட்பதற்குக் கூத்தாக இருக்கும். உள்ளே இருப்பது வேலை இழந்த மனிதனின் அவமானம். உழைத்த உடம்பைத் தவிர விற்க வேறு எதுவும் இல்லாதவர்கள், கடைசியில் அந்த உடம்பையே மேடையேற்றுகிறார்கள்.

சுமார் 35 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்று, இசைக்காக ஒன்றை வென்றது. ஆறு பேரும் மேடையில் ஆடி முடிக்கும் அந்த ஒரு நொடியில் படம் உறைந்து நின்றுவிடும். அதற்கப்புறம் அவர்களுக்கு வேலை கிடைத்ததா இல்லையா என்று படம் சொல்லவில்லை.

2023-ல் திரும்பி வந்தபோது என்ன ஆச்சு?

26 ஆண்டுகள் கழித்து, 2023 ஜூனில் அதே பெயரில் எட்டு எபிசோடுகள் கொண்ட தொடர் டிஸ்னி பிளஸ்ஸில் வந்தது. சைமன் போஃபாயுடன் ஆலிஸ் நட்டர் சேர்ந்து எழுதினார். காஸாக ராபர்ட் கார்லைல், டேவாக மார்க் ஆடி, ஜெரால்டாக டாம் வில்கின்சன் என்று பழைய நடிகர்கள் திரும்பி வந்தார்கள். காஸின் மகனாக நடித்த சிறுவன்கூட, வளர்ந்த ஆளாக அதே பாத்திரத்தில் வந்தார். படத்துக்கும் தொடருக்கும் நடுவே பிரிட்டன் டோனி பிளேர் முதல் ரிஷி சுனக் வரை ஏழு பிரதமர்களைப் பார்த்திருந்தது.

எல்லோரும் எதிர்பார்த்தது இன்னொரு மேடை நடனம். அது நடக்கவில்லை. தொடரில் அவர்கள் மறுபடி உடை கழற்றி ஆடுவதே இல்லை. அதற்குப் பதில், அன்றாடம் காட்டப்படுகிறது.

டேவ் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பாளர். அவர் மனைவி ஜீன் அதே பள்ளியின் தலைமையாசிரியை. ஒரே வீட்டுக்குள் இரண்டு வர்க்கம் குடியிருக்கிற மாதிரி. காஸ் மருத்துவமனையில் போர்ட்டர் வேலை பார்க்கிறார். பேச்சும் குறும்பும் குறையவில்லை, கையில் காசும் சேரவில்லை. லாம்பர் தன் கணவரோடு ஒரு சின்ன கஃபே நடத்துகிறார். ஜெரால்ட் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். ஹார்ஸுக்கு உடம்பு முடியவில்லை. அரசு உதவித்தொகைக்காக விண்ணப்பம், விசாரணை, மறுபடி விண்ணப்பம் என்று அலைகிறார்.

விமர்சனங்கள் கலவையாகத்தான் வந்தன. சில எபிசோடுகள் இழுவை, படத்தில் இருந்த வேகம் இல்லை என்றார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் தொடர் செய்த ஒரு காரியம் அரிதானது. ஜெயித்த ராத்திரியைத் திரும்பக் காட்டி ரசிகர்களைக் குஷிப்படுத்தாமல், அந்த ராத்திரி அவர்கள் வாழ்க்கையை மாற்றவில்லை என்பதை நேர்மையாக ஒத்துக்கொண்டது. 1997-ல் ஆலை மூடியது பிரச்சினை. 2023-ல் பள்ளி, மருத்துவமனை, உதவித்தொகை அலுவலகம் என்று எல்லாமே தேய்ந்துபோனது பிரச்சினை.

தொடர் வந்த அதே ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி டாம் வில்கின்சன் காலமானார். கொஞ்சம் தாமதித்திருந்தால் ஜெரால்ட் திரும்பியிருக்கவே மாட்டார்.

தமிழில் இதற்கு இணை எது?

பிழைப்புக்காக மேடையில் ஆடும் உழைப்பாளிகளின் கதை, பெரிய பட்ஜெட் இல்லாமல் பேய் ஹிட் அடித்த படம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது 'கரகாட்டக்காரன்'தான்.

1989 ஜூன் 16-ல் வெளியானது. இயக்கம் கங்கை அமரன், இசை இளையராஜா. முத்தையாவாக ராமராஜன், காமாட்சியாக அறிமுக நாயகி கனகா. தவில்காரராக கவுண்டமணி, நாயனக்காரராக செந்தில். மதுரையில் ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடியது.

கதையின் வேர் காவிரிக் கரையில் இருக்கிறது. 1968-ல் ஏ.பி.நாகராஜன் இயக்கிய 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிக்கல் நாயனக்காரரும் ஆடல் நங்கை மோகனாம்பாளும் போட்டியில் மோதி, காதலில் முடிவார்கள். கொத்தமங்கலம் சுப்பு விகடனில் தொடராக எழுதிய கதை அது. அந்தப் போட்டியையும் காதலையும் பட்டுச்சேலை மேடையிலிருந்து இறக்கி, மாரியம்மன் கோயில் திடலுக்குக் கொண்டுவந்ததுதான் 'கரகாட்டக்காரன்'. கச்சேரி வித்துவான் இடத்தில் கரகாட்ட செட்டு வந்தது. அதுதான் ஜனங்களுக்கு ஒட்டிக்கொண்டது.

இரண்டாம் பாகம் பற்றிய பேச்சு பலமுறை கிளம்பியது. படமாகவில்லை. ராமராஜன் 1998-ல் திருச்செந்தூர் எம்.பி. ஆனார், நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2024-ல் 'சாமானியன்' படத்தில் நாயகனாகத் திரும்பினார். முத்தையாவின் தாயாக வந்த காந்திமதி 2011-லும், காமாட்சியின் தந்தையாக வந்த சண்முகசுந்தரம் 2017-லும் காலமாகிவிட்டார்கள். ஷெஃபீல்டுக்குக் கிடைத்த மாதிரி, எல்லோரையும் ஒரே ஃபிரேமில் மறுபடி நிறுத்தும் வாய்ப்பு நமக்குப் போய்விட்டது.

அப்போ 'தாரை தப்பட்டை' என்ன?

பெயரளவில் இரண்டாம் பாகம் இல்லாவிட்டாலும், அந்த உலகத்துக்குத் தமிழ் சினிமா ஒருமுறை திரும்பிப் போனது. 2016 பொங்கலுக்கு வந்த பாலாவின் 'தாரை தப்பட்டை'. கதைக்களம் தஞ்சாவூர். சன்னாசி என்ற குழுத் தலைவராக சசிகுமார், ஆட்டக்காரி சூறாவளியாக வரலட்சுமி சரத்குமார். இசை மறுபடி இளையராஜா. அவருடைய ஆயிரமாவது படம் என்று அறிவிக்கப்பட்டு, பின்னணி இசைக்காகத் தேசிய விருதும் வாங்கியது.

கணக்கைப் பாருங்கள். 'ஃபுல் மான்டி'க்கும் அதன் தொடருக்கும் இடையே 26 வருஷம். 'கரகாட்டக்காரனு'க்கும் 'தாரை தப்பட்டை'க்கும் இடையே 26 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டு இடத்திலும் அதே தொழில், அதே வகை மனிதர்கள், ஒரு தலைமுறை இடைவெளி.

தொழில் நொடித்துப்போனதை பாலா மறைக்கவில்லை. கூப்பிட ஆள் இல்லாத செட்டு, பெரிய வித்தைக்காரரான அப்பாவின் குடி, ஆட்டக்காரியிடம் ஆட்டத்தைவிட வேறு எதையோ எதிர்பார்க்கும் கூட்டம் எல்லாம் படத்தில் இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் கதை வேறு பாதைக்குத் திரும்பிவிடும். ஒரு கொடியவனின் கையில் சூறாவளி சிக்குகிறாள். முடிவு ரத்தக்களரி.

1989-ல் கரகம் சுமந்தவர்களை அம்மன் காப்பாற்றினாள். 2016-ல் காப்பாற்ற யாரும் இல்லை, அவள் சிதைக்கப்பட்டாள். நடுவில் ஒரு நிஜம் விடுபட்டுப்போனது. பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு அற்புதமும் நடப்பதில்லை, கொலையும் நடப்பதில்லை. அவர்களுக்கு வயசாகிறது. அந்தக் கதையைத்தான் ஷெஃபீல்டு தொடர் சொன்னது. நம்ம சினிமா சொல்லவில்லை.

நிஜத்தில் ஆட்டக்காரர்களுக்கு என்ன நடந்தது?

இதைப் புரிந்துகொள்ளத் தஞ்சாவூர் சரியான இடம். தென்னகப் பண்பாட்டு மையம் 1986-லிருந்து இயங்குவது இங்கேதான். தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியலுக்கென்றே ஒரு துறை உண்டு. ஊரையொட்டிய ரெட்டிப்பாளையம் தப்பாட்டத்துக்குப் பேர்போனது. கரகாட்டம், பொய்க்கால் குதிரை, காளியாட்டம் என்று டெல்டாவில் ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை.

முதல் விஷயம், தண்ணீர். கரகாட்டத்துக்கும் மேட்டூர் அணைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நேரடிச் சம்பந்தம் உண்டு. டெல்டாவில் சம்பா அறுவடை தை மாதத்தில் முடியும். கையில் காசு புழங்கும். மாசியில் தொடங்கி ஆடி வரை மாரியம்மன் கோயில், காளியம்மன் கோயில் திருவிழாக்கள். காப்பு கட்டு, பால்குடம், தீமிதி. செலவுக்கு ஊரில் தலைக்கட்டு வரி போடுவார்கள். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று. அந்த வரிப் பணத்தில்தான் கரகாட்ட செட்டுக்கு அட்வான்ஸ் போகும். நெல் விளைந்தால் வரி வசூலாகும், வரி வசூலானால் செட்டு வரும்.

குறுவைக்காக மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. 2012-லிருந்து 2019 வரை தொடர்ந்து எட்டு வருஷம் அந்தத் தேதியில் அணை திறக்கப்படவில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுக்க வறட்சி அறிவிக்கப்பட்டது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூரைப் புரட்டிப் போட்டது. விளைச்சல் இல்லாத வருஷம் என்றால் ஊர்க்கூட்டத்தில் அபிஷேகத்தை நிறுத்த மாட்டார்கள், அன்னதானத்தை நிறுத்த மாட்டார்கள். 'இந்த வருஷம் செட்டு வேணாம்பா' என்பதுதான் முதலில் வரும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆட்டக்காரர்களில் பலர் வருஷம் முழுக்க ஆட்டக்காரர்கள் இல்லை. சீசன் இல்லாத மாதங்களில் நடவு, களையெடுப்பு, அறுப்பு, நூறு நாள் வேலை. அறுப்பு மெஷினும் நடவு மெஷினும் வந்த பிறகு அந்த நாள்களும் சுருங்கின. ஷெஃபீல்டில் ஆலை ஒரே நாளில் மூடியது, ஊருக்கே தெரிந்தது. இங்கே வேலை வருஷத்துக்கு நாலு நாள், அஞ்சு நாள் என்று கழன்றது. அதனால் செய்தி ஆகவில்லை.

ராத்திரி எப்படிச் சுருங்கியது?

கரகத்தில் இரண்டு வகை. கோயிலிலிருந்து பக்தியோடு எடுத்துவரும் சக்தி கரகம் ஒன்று. அது சடங்கு. இன்னொன்று மக்கள் பார்த்து மகிழ ஆடும் ஆட்டக் கரகம். செம்பில் அரிசி போட்டு நிரப்பி, மேலே பூ அலங்காரம் வைத்து, உச்சியில் ஒரு கிளி. கையால் தொடாமல் தலையில் நிறுத்தி, ஏணியில் ஏற வேண்டும், குனிந்து தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணால் எடுக்க வேண்டும். கூடவே நையாண்டி மேளம். நாயனம், தவில், பம்பை, உறுமி என்று ஒரு செட்டுக்கு ஏழெட்டுப் பேருக்குக் குறையாது.

இந்த வித்தைகளைக் காட்ட நேரம் வேண்டும். பழைய கணக்கில் ஆட்டம் ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியற்காலை வரை போகும். இப்போது இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு. போலீஸ் அனுமதி வாங்க வேண்டும், சில ஊர்களில் அதற்குக் கோர்ட் வரை போக வேண்டும். ஆபாசமாக ஆடக் கூடாது, சாதிப் பாட்டு போடக் கூடாது என்று நிபந்தனைகள். நிபந்தனைகளில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஆபாசத்தைக் கேட்பது யார்? முன்வரிசையில் நின்று ரூபாய் நோட்டை ஆட்டும் ஆள். ஆட்டக்காரி மறுத்தால் அடுத்த வருஷம் அந்த ஊர் அட்வான்ஸ் வராது. மறுக்காவிட்டால் வழக்கு அவள் மேல்.

செட்டோடு சேர்ந்து ஆடிவந்த குறவன் குறத்தி ஆட்டத்துக்கு 2023-ல் தமிழக அரசு தடை விதித்தது. குறவர் சமூகத்தினர் தங்களை இழிவுபடுத்துகிறது என்று நீண்டகாலம் போராடிப் பெற்ற தீர்வு அது. அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. அதே நேரம், அந்த வேடத்தையே பிழைப்பாக வைத்திருந்தவர்களுக்கு அடுத்து என்ன வேலை என்ற கேள்விக்குப் பதில் யாரிடமும் இல்லை. உழைப்பாளிகளின் கதை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வில்லனைத் தேடினால் கிடைக்க மாட்டான்.

சினிமா உதவியதா, கெடுத்ததா?

இரண்டும். 'கரகாட்டக்காரன்' வந்த பிறகு கரகத்துக்குப் புது மவுசு வந்தது. பட்டணத்துக்காரர்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. 'அந்தப் படத்துப் பாட்டைப் போடு' என்ற கூச்சல். நையாண்டி மேளத்தின் அடவுகளுக்கு ஆடியவர்கள் சினிமாப் பாட்டுக்கு ஆட ஆரம்பித்தார்கள். சினிமாப் பாட்டுக்குத்தான் ஆட வேண்டும் என்றால் மேளக்காரர் எதற்கு? ஒரு பென் டிரைவ் போதுமே. ஆடல் பாடல் நிகழ்ச்சிகள் திடலைப் பிடித்துக்கொண்டன. கவுண்டமணி செய்த தவில்காரர் பாத்திரம் நிஜமாக இருந்தால், முதலில் வேலை போயிருப்பது அவருக்குத்தான்.

பிறகு வந்தது கொரோனா. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. பங்குனி, சித்திரை என்று சீசன் உச்சத்தில் இருந்த நேரம். 2021 மே மாதம் மறுபடி. மாதச் சம்பளக்காரருக்கு அது சில மாதம். ஆறு மாதம் ஆடி ஒரு வருஷம் சாப்பிடுகிறவருக்கு அது இரண்டு முழு வருஷம்.

அரசு எதுவும் செய்யவில்லையா?

செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-லிருந்து இருக்கிறது. பதிவு செய்தவர்களுக்குக் கல்வி உதவி, திருமண உதவி, விபத்து மற்றும் இறப்பு நிவாரணம் உண்டு. நலிந்த நிலையில் வாழும் கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாதம் 3,000 ரூபாய் நிதியுதவி தரப்படுகிறது. தென்னகப் பண்பாட்டு மையம் ஆண்டுதோறும் தஞ்சையில் 'சலங்கை நாதம்' விழா நடத்துகிறது. சென்னையில் 2007-ல் தொடங்கிய 'சென்னை சங்கமம்' இடையில் நின்று, 2023-ல் 'நம்ம ஊரு திருவிழா'வாக மீண்டும் வந்தது.

சிக்கல் எங்கே என்றால், இந்தத் தொழிலுக்குக் காகிதமே கிடையாது. வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ், வாய்வார்த்தையில் தேதி, ஆட்டம் முடிந்ததும் கையில் கூலி. முப்பது வருஷம் ஆடினேன் என்று எப்படி நிரூபிப்பது? போட்டோ இருக்கிறதா, சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டால் பழைய திருவிழா நோட்டீஸ்தான் இருக்கும். அதையும் கரையான் அரித்திருக்கும். உதவித்தொகைக்காக ஷெஃபீல்டில் அலையும் ஹார்ஸைப் பார்க்கும்போது தஞ்சாவூர்க்காரருக்கு அந்நியமாகத் தோன்றாது.

பெண்களுக்கு இது இன்னும் சிரமம். ஆட்டக்காரியை இளமைக்காகத்தான் கூப்பிடுகிறார்கள். செம்பின் கனத்தை வருஷக்கணக்கில் தாங்கிய கழுத்துக்கும் முழங்காலுக்கும் முப்பத்தஞ்சு, நாற்பதில் வலி வந்துவிடும். ஓய்வூதிய வயசு வர இன்னும் இருபது வருஷம் இருக்கும். அந்த இருபது வருஷம்தான் யாரும் எழுதாத இரண்டாம் பாகம்.

அப்படியானால் ஏன் யாரும் எடுக்கவில்லை?

தமிழில் தொடர்ச்சி என்பதே புதிதல்ல. சீரியல்களில் இரண்டாம் பாகம் சர்வசாதாரணம். தஞ்சை வட்டாரத்தில் நடந்த 'களவாணி' படத்துக்குக்கூட 2019-ல் இரண்டாம் பாகம் வந்தது. ஆனால் ஹிட்டான பெயரைத் திரும்ப விற்கும்போது, பழைய சந்தோஷத்தையே மறுபடி தருவதுதான் பாதுகாப்பு. அதே காமெடி, அதே பாட்டின் ரீமிக்ஸ், அதே கார். முத்தையாவுக்கு முட்டி வலி என்று காட்ட யார் பணம் போடுவார்கள்?

இன்னொரு காரணமும் சொல்லலாம். டெல்டாவுக்குத் திரும்பும் கதைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2024-ல் வந்த 'மெய்யழகன்' அப்படி ஒன்று. சொந்த வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போனவர், 22 வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் திரும்புகிறார். நெஞ்சைத் தொட்ட படம். ஆனால் அங்கேயும் கேமரா திரும்பி வருகிறவரோடுதான் வருகிறது. ஊரை விட்டுப் போனவருக்குத் திரும்பிப் பார்க்க ஏக்கம் இருக்கிறது, அதைச் சொல்ல மொழி இருக்கிறது, டிக்கெட் வாங்கிப் பார்க்கக் கூட்டமும் இருக்கிறது. போகாமல் அங்கேயே இருந்து, வருஷா வருஷம் அதே திடலில் ஆடியவருக்குத் திரும்பி வர இடம் ஏது?

'ஃபுல் மான்டி' தொடரின் பலம் இங்கேதான். காஸும் டேவும் எங்கேயும் போகவில்லை. அதே ஊர், அதே தெரு. காலம் அவர்களைத் தாண்டிப் போவதை அவர்கள் நின்ற இடத்திலிருந்தே தொடர் பார்த்தது.

எடுத்தால் எப்படி இருக்கும்?

பெரிய கற்பனை வேண்டாம். 1989-ல் முத்தையாவுக்கு இருபத்தஞ்சு வயசு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று அறுபதைத் தாண்டியிருப்பார். செட்டு கலைந்திருக்கும். சங்கமம் மாதிரி விழாவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் போய், பத்து நிமிஷம் ஆடி, பொன்னாடை வாங்கி வருவார். காமாட்சி எப்போதோ ஆட்டத்தை நிறுத்தியிருப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆண்டு விழாவுக்காக பிளாஸ்டிக் கரகம் வைத்துச் சொல்லிக்கொடுப்பார். மகள் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்ப்பாள். அப்பா அம்மா என்ன தொழில் என்று ஆபீஸில் கேட்டால், 'விவசாயம்' என்று சொல்லிவிட்டு பேச்சை மாற்றுவாள். வாழைப்பழ மீம் வாட்ஸ்அப் குரூப்பில் வரும்போது மட்டும் அவளும் சிரிப்பாள், ஒரு நொடி தாமதமாக.

எட்டு எபிசோடுக்கு இதுவே போதும். வில்லன் தேவையில்லை, தீமிதி தேவையில்லை.

தை அறுவடை முடிந்து மாசி பிறந்தால், டெல்டா கிராமங்களில் மறுபடி காப்பு கட்டுவார்கள். ஊர்க்கூட்டத்தில் செலவுப் பட்டியல் வாசிப்பார்கள். 'செட்டு வைக்கலாமா, ஆடல் பாடலா, இல்ல வெறும் லைட்டு மட்டும் போதுமா?' என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கூட்டத்தில் இளைஞர்களும் இருப்பார்கள். நகரத்திலிருந்து ஜிபே-யில் வரி அனுப்பியவர்களின் பெயரும் அந்த நோட்டில் இருக்கும். முத்தையாவின் இரண்டாம் பாகம் எப்படிப் போகும் என்பதில் கொஞ்சமாவது அவர்கள் கையிலும் இருக்கிறது.